கிரவுஸுக்குக் குடற்புழு மருந்து: கல்லில் வைப்பதா, பிடித்துக் கொடுப்பதா, கொடுக்காமலே விடுவதா?

பண்ணைக் கோழிக்குப் புழு நீக்குவது ஒரு காலைப்பொழுது வேலை. தண்ணீரில் மருந்தைக் கலந்து வைத்தால், தாகத்தோடு வரும் கோழி தானே குடித்துவிடும். பிரிட்டனின் மேட்டுநிலங்களில் வாழும் சிவப்பு கிரவுஸிடம் இது நடக்காது. ஃபெசன்ட்டைப் போலப் பண்ணையில் பொரித்து வளர்த்துக் காட்டில் விடப்படும் பறவை அல்ல இது. மரமில்லாத, கரிமண் படிந்த, ஹெதர் புதர் போர்த்திய மேடுகளை அங்கே மூர் என்கிறார்கள். அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே மேய்ந்து, அங்கேயே சாகும் பறவை கிரவுஸ். எடை 600 முதல் 700 கிராம். தீவனத் தொட்டியும் கிடையாது, தண்ணீர்க் குவளையும் கிடையாது. ஆண்டு முழுக்க அதன் முக்கிய உணவு ஹெதரின் நுனித்தளிர். புழு காத்திருப்பதும் அதே தளிரில்தான்.

இந்தப் பறவையைச் சுடும் வேட்டைக்காலம் ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10-இல் முடிகிறது. அது முடிந்த கையோடு, மூரைப் பராமரிக்கும் கீப்பரும் நில உரிமையாளரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். வழிகள் நான்கு: எதுவும் செய்யாமல் கண்காணிப்பது, மருந்து பூசிய கல்லை வைப்பது, இரவில் பறவையைப் பிடித்து வாயில் மருந்து ஊற்றுவது, பறவைகளின் அடர்த்தியையே குறைப்பது. பல மூர்களில் இரண்டாவது வழி பழக்கத்தால் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் இந்தக் கட்டுரை கேள்வி கேட்கிறது. கல் நல்ல கருவிதான். எண்ணிப் பார்க்காமல் வைக்கும்போதுதான் அது தொல்லையாகிறது.

புழுவின் கணக்கு

புழுவின் பெயர் டிரைக்கோஸ்ட்ராங்கிலஸ் டெனுயிஸ். மயிரிழை போல மெல்லியது, நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கிரவுஸின் குருட்டுக்குடல்கள் இரண்டிலும் குடியிருக்கிறது. இந்தப் பறவையில் ஒவ்வொரு குருட்டுக்குடலும் உடலைவிட நீளமானது. நார் மிகுந்த ஹெதரை நொதிக்க வைத்துச் சத்தெடுக்கும் இடமே அதுதான். புழு அதன் உட்சுவரைக் குடைந்து வாழ்வதால் சுவர் புண்ணாகி இரத்தம் கசிகிறது, செரிமானம் குறைகிறது. பறவை மெலிந்து, மார்பெலும்பு கத்தி முனைபோலக் கைக்குத் தட்டுப்படும்.

முட்டைகள் எச்சத்தோடு வெளியேறுகின்றன. கோடையின் ஈரமும் வெதுவெதுப்பும் வாய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை பொரிந்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகிவிடும். பனித்துளியும் மழைநீரும் தண்டில் படர விட்ட மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி அது ஹெதர் நுனிக்கு ஏறுகிறது. கிரவுஸ் தளிரைக் கொத்தும்போது உள்ளே போய்விடுகிறது. நத்தையோ பூச்சியோ எதுவும் இடையில் தேவையில்லை. ஆகவே பறவை அடர்ந்தால் புழு பெருகும், மழைக்கோடை வந்தால் இன்னும் பெருகும்.

இரண்டு விஷயங்களைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, கிரவுஸுக்கு இந்தப் புழுவுக்கு எதிராகச் சொல்லிக்கொள்ளும்படியான நோயெதிர்ப்பு வருவதில்லை. வயது ஏற ஏறப் புழு சேர்ந்துகொண்டே போகும். இரண்டு, இலையுதிர்காலத்தின் கடைசியில் உள்ளே போன இளம்புழுக்கள் பல, குடல்சுவரில் வளராமல் உறங்கிக் கிடக்கின்றன. குளிர்காலம் முடியும் தறுவாயில் அவை ஒன்றாக விழித்து வளர்கின்றன. பெட்டை முட்டையிட உடம்பில் சத்துச் சேர்க்க வேண்டிய நேரமும் அதுவே. டிசம்பரில் கொழுகொழுவென்று பறந்த பறவைகள் ஏப்ரலில் ஓடையோரப் புல்லில் பறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சாவுகளுக்குக் காரணம் தேடப் பிரிட்டனில் 1905-இல் லொவாட் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. கள ஆய்வின் பெரும்பகுதியைச் செய்தவர் எட்வர்ட் வில்சன். பின்னர் 1912-இல் ஸ்காட்டோடு தென்துருவப் பயணத்தில் மடிந்த அதே மருத்துவர். 1911-இல் வெளிவந்த அறிக்கை இந்தப் புழுவைக் குற்றவாளியாகச் சுட்டியது. கிரவுஸ் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி விழுவதற்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பைக் களச் சோதனையில் காட்டியது பீட்டர் ஹட்சன், ஆண்டி டாப்சன், டேவ் நியூபார்ன் மூவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. வட இங்கிலாந்தின் ஆறு மூர்களில் அது நடந்தது. சரிவு வரும் என்று கணித்த ஆண்டுகளில் பறவைகளைப் பிடித்து மருந்து கொடுத்த மூர்களில் வீழ்ச்சி பெருமளவு தணிந்தது. எல்லாப் பறவைக்கும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கொடுத்தாலே சுழற்சியை முறிக்கலாம் என்றது அவர்களின் கணித மாதிரி. இது மூன்றாவது வழியை எடைபோடும்போது உதவும்.

எண்ணாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது

வேட்டைக்காலத்தில் விழும் பறவைகளே மாதிரி. முதிர்ந்தவை 20, அந்த ஆண்டுக் குஞ்சுகள் 20 என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் அந்த எண் எதற்கும் உதவாது. குஞ்சின் புழு இந்தக் கோடையில் மட்டும் சேர்ந்தது, முதிர்ந்ததன் புழு பழைய பாக்கியும் சேர்ந்தது. வயதைப் பிரிக்க நகத்தைப் பார்க்கலாம். முதிர்ந்த கிரவுஸ் ஜூலை முதல் செப்டம்பர் வரை பழைய நகத்தை உதிர்க்கும், உதிர்ந்த இடத்தில் நகத்தின் குறுக்கே தழும்புக் கோடு தெரியும். குஞ்சின் நகத்தில் அந்தக் கோடு இருக்காது.

எண்ணும் முறைக்கு நுண்ணோக்கி வேண்டாம், பொறுமை வேண்டும். குருட்டுக்குடல் இரண்டையும் வெட்டியெடுத்து, பறவையின் வயதும் விழுந்த இடமும் எழுதிய பையில் போட்டு உறைய வைக்கலாம்; உறைந்தாலும் புழு எண்ண ஏற்றதே. பிறகு கத்தரிக்கோலால் நீளவாக்கில் கிழித்து, நுண்கண் சல்லடையின் மேல் மெதுவான தண்ணீரில் அலச வேண்டும். களிபோன்ற பழுப்புச் சாறு வடிந்து போனபின் சல்லடையில் வெள்ளை நூல்துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவைதான் புழுக்கள். சல்லடையில் நின்றதை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர் சேர்த்துச் சரியாக 1 லிட்டராக்கி நன்றாகக் கலக்கி, புழுக்கள் அடியில் படியும் முன் 10 மில்லி எடுத்து, கறுப்புத் தட்டில் ஊற்றி எண்ண வேண்டும். வந்த எண்ணை 100-ஆல் பெருக்கினால் அந்தப் பறவையின் மொத்தப் புழு கிடைக்கும். 34 வந்தால் 3,400. இரண்டு முறை எடுக்க வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் கலக்கியது போதவில்லை என்று பொருள், மூன்றாவது முறை எடுங்கள்.

துப்பாக்கி ஓய்ந்த மாதங்களில் எச்சத்தில் முட்டை எண்ணலாம். எடுக்க வேண்டியது குருட்டுக்குடல் எச்சத்தை. நார் நாராய்க் காய்ந்து குவிந்து கிடப்பது சாதாரண எச்சம், கரும்புப்பாகு போலக் கறுத்துப் பிசுபிசுப்பது குருட்டுக்குடல் எச்சம். முட்டை அதில்தான். ஆனால் நடுக்குளிரில் வரும் குறைந்த முட்டை எண்ணிக்கையை நம்பிவிடக் கூடாது. உறங்கும் இளம்புழு முட்டையிடாது. குளிர்காலத்தில் மிகப் பெரிய தவறு நடப்பது இந்த இடத்தில்தான்: ஜனவரி எச்சம் சுத்தமாக இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள், ஏப்ரலில் பறவை விழும்.

எண்ணை எப்படிப் படிப்பது? முதிர்ந்த பறவைகளின் சராசரி சில நூறுகளில் நின்றால் கவலையில்லை. இரண்டு, மூன்று ஆயிரத்தை நெருங்கும்போது பறவை இடும் முட்டையின் எண்ணிக்கையும் குஞ்சின் பிழைப்பும் அடிவாங்கத் தொடங்குவதாகக் கொள்ளலாம். பத்தாயிரத்தைத் தாண்டிய பறவைகள் மாதிரியில் இருந்தால் வசந்தச் சாவை எதிர்பார்க்க வேண்டும். சராசரியை மட்டும் பார்க்காமல் இருபது எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். குஞ்சுகளின் எண் அதிகமாக, முதிர்ந்தவற்றின் எண் நடுத்தரமாக இருந்தால் இந்தக் கோடையின் தொற்று பெரியது, அடுத்த ஆண்டு புழு எண்ணிக்கை ஏறும் என்று அர்த்தம்.

முதல் வழி: கண்காணித்து விடுவது

எண்ணிக்கை குறைவாக, கோடை உலர்ந்ததாக, பறவை அடர்த்தி மிதமாக இருந்தால் எதுவும் செய்யாததே சரியான முடிவு. செலவு இல்லை, மருந்து எதிர்ப்பு வளரவும் இடமில்லை. இதன் ஆபத்து ஒன்றே. எண்ணுவதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். ஒரு மழைக்கோடையில் புழு சில நூறிலிருந்து பல ஆயிரத்துக்கு ஏறிவிடக் கூடும். இந்த வழியைத் தேர்ந்தால் மார்ச்சில் எச்சமும் ஆகஸ்டில் குருட்டுக்குடலும் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் வழி: மருந்துக் கல்

ஹெதரை அரைக்கக் கிரவுஸுக்கு அரைவைப்பையில் கல் வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள குவார்ட்ஸ் பொடிக்கல்லைத் தேடித்தேடிக் கொத்தும். கரிமண் மேடுகளில் நல்ல கல் அரிது என்பதால் கீப்பர்கள் நெடுங்காலமாகவே கல் கொண்டுபோய் வைத்து வந்திருக்கிறார்கள். 1980-களில் அந்தக் கல்லின் மேல் மருந்து பூசும் யோசனை வந்தது. இப்போது பயன்படுவது பெரும்பாலும் ஃப்ளூபெண்டசோல். இறுகிய தாவரக் கொழுப்பில் கலந்து கல்லில் பூசப்படுகிறது. அரைவைப்பையில் கல் தேயத்தேயக் கொழுப்பு கரைந்து மருந்து இறங்கும். கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மருத்துவர் சீட்டு எழுத அந்த ஆண்டின் புழு எண்ணிக்கையைக் கேட்பதே முறை.

இதன் பலம் பரப்பு. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒவ்வொரு ஜோடியின் எல்லைக்குள்ளும் மருந்துக் கல் நிரப்பிய ஒரு பெட்டி வைத்துவிட்டால், பறவை தன் வேகத்தில் தானே வந்து எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்திலும் முட்டையிடுவதற்கு முந்தைய வாரங்களிலும் கல் எடுப்பது அதிகம். உறங்கிய புழு விழிக்கும் பருவமும் அதுவே. மருந்தும் தேவையும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. இந்த வழி பரவியதற்கு முதல் காரணம் இதுதான்.

பலவீனமும் அங்கேதான். எந்தப் பறவை எவ்வளவு எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. வலிய சேவல் ஒன்று பெட்டியை ஆண்டுகொண்டிருந்தால் ஓரத்து இளம்பறவைக்குப் பாதி மருந்தே போகும். பாதி மருந்து புழுவைக் கொல்லாது, எதிர்ப்புத்திறனை மட்டும் வளர்க்கும். ஆட்டுப் பண்ணைகளில் ஃப்ளூபெண்டசோலின் வகையைச் சேர்ந்த மருந்துகள் பல இடங்களில் பலனற்றுப் போன பாதையும் இதேதான்: ஒரே மருந்து, அளவு குறைந்த மருந்து, தேவையில்லாத ஆண்டிலும் மருந்து. கிரவுஸுக்கு மாற்று மருந்துகள் ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. இருக்கும் ஒன்றையும் வீணடித்தால் பிறகு கையில் எதுவும் இருக்காது. ஆண்டுதோறும் கண்ணை மூடிக்கொண்டு கல் வைப்பதை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்? நடுவில் தடுப்பும், இரு பக்கமும் புரட்டக்கூடிய மூடியும் உள்ள இரண்டறைப் பெட்டி. ஓர் அறையில் மருந்துக் கல், மற்றதில் வெறுங்கல். மூடியைப் புரட்டினால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். புல்கட்டியைப் பெயர்த்துக் குப்புற வைத்து அதன்மேல் கல்லைக் குவிப்பது பழைய முறை. வெறுங்கல்லுக்கு அது போதும். மருந்துக் கல்லுக்கு அது கூடவே கூடாது, ஏனென்றால் பருவம் வரும்போது திரும்ப அள்ள முடியாது. மழை கழுவிக் கரிமண்ணில் கலந்துவிடும்.

பருவம் என்பது இங்கே சட்டம். இந்த மருந்து உட்கொண்ட கிரவுஸின் இறைச்சி மனிதர் உண்ணத் தகுதி பெற 28 நாள் இடைவெளி வேண்டும். ஆகஸ்ட் 12-இல் வேட்டை என்றால் கணக்கு ஜூலை 15-இல் நிற்கிறது. அன்றைக்குள் மூரின் கடைசிப் பெட்டி வரை மருந்து அறை மூடப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் பெட்டி இருந்தால், பெட்டிக்கு 5 நிமிடம் என்றாலும் 83 மணி நேர வேலை, அதுவும் நடையும் வண்டியும் தனி. ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கி ஒருவர் முடிக்க முடியாது. ஜூலை முதல் நாளிலேயே தொடங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் எண் கொடுத்து, ஜிபிஎஸ் இடத்தைக் குறித்து, மூடிய தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெரும்பாலும் தவறுவது பெரணிக்குள் மறைந்துபோன நாலைந்து பெட்டிகள்தான். மே மாதத்தில் குட்டையாக இருந்த பெரணி ஜூலையில் இடுப்பளவு நிற்கும். குச்சி நட்டு அடையாளம் வைக்காத பெட்டி கண்ணில் படாது.

இடத் தேர்விலும் கவனம் வேண்டும். ஃப்ளூபெண்டசோல் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஓடை, வடிகால், தேங்கிய குட்டை அருகே பெட்டி கூடாது. ஆடு கூடும் இடங்களிலும் கூடாது. செம்மறி பெட்டியைக் கவிழ்க்கும், கல்லையும் நக்கும். ஸ்காட்லாந்தில் கிரவுஸ் வேட்டைக்கே உரிமம் தேவை என்று 2024 சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மருந்துக் கல்லை எப்படிக் கையாள வேண்டும் என்பது இனி தனியார் நல்லெண்ணத்தில் மட்டும் நிற்கப்போவதில்லை. தேதி குறித்த பதிவேடு இல்லாத மூர் சிக்கலில் மாட்டும்.

பெட்டியால் பரவக்கூடிய இன்னொரு நோய்

2010-இல் வட இங்கிலாந்தில் கிரவுஸின் கண்ணிமை வீங்கி, கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும் ஒரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கிரிப்டோஸ்போரிடியம் பெய்லியி என்ற ஓரணு உயிரி சுவாசப் பாதையைத் தாக்குவதால் வருவது. கீப்பர்கள் அதைப் பல்ஜி ஐ என்கிறார்கள். வீக்கத்தால் கண் பாதி மூடிய பறவையைத் தொலைவிலிருந்தே இனங்காணலாம். தலையை அடிக்கடி உதறும், குரல் கரகரக்கும். நோயுற்றவை நலமானவற்றைவிடக் குறைவாகப் பிழைக்கின்றன, குஞ்சும் குறைவாகவே வளர்க்கின்றன.

இதற்குக் குடற்புழு மருந்து எதுவும் செய்யாது, இது புழுவே அல்ல. காட்டுப் பறவைக்குக் கொடுக்க வேறு சிகிச்சையும் இல்லை. பறவைகள் ஒரே இடத்தில் கூடிச் சளியும் எச்சமும் விடும் கல்பெட்டி இதைப் பரப்பக்கூடும் என்ற சந்தேகம் வலுவானது. எனவே மருந்துக் கல்லை எடைபோடும்போது இந்த அபாயத்தையும் தட்டில் வைக்க வேண்டும். எச்சம் விழுந்த கல்லை அப்படியே மேலே நிரப்பாமல் கொட்டிவிட்டுப் புதிதாக இட வேண்டும். பெட்டியைக் கொதிநீரில் கழுவி வெயிலிலும் காற்றிலும் முற்றாக உலர்த்த வேண்டும். சாதாரணக் கிருமிநாசினி இந்த உயிரியின் கடினமான கூட்டைத் துளைப்பதில்லை. உலர்வதுதான் அதைக் கொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பெட்டியைச் சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வீங்கிய கண்ணோடு தென்படும் பறவையை நீக்கி, எந்தப் பெட்டிக்கு அருகே என்று குறித்து, அந்தப் பெட்டியை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் வழி: இரவில் பிடித்து வாயில் ஊற்றுவது

நிலவில்லாத, காற்றடிக்கும், இலேசாகத் தூறும் இரவே இதற்கு நல்லது. நிலவொளியில் பறவை விளக்கு வருமுன்னே எழுந்துவிடும். ஒருவர் நான்கு சக்கரக் குவாட் வண்டியில் பலத்த விளக்கோடு, இன்னொருவர் நீளக் கைப்பிடி வலையோடு. ஒளியில் அசையாமல் குந்திய பறவையின் மேல் வலையை அமுக்கி, தலையைப் பிடித்து, அலகைத் திறந்து, குழாயை நாக்கின் பின்னே தொண்டையின் ஓரமாகச் செலுத்தி லெவாமிசோல் என்ற புழு மருந்தை ஊற்ற வேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்கு தொடங்கும் இடத்திலேயே நடுவில் இருக்கிறது. குழாய் அதற்குள் போனால் பறவை கையிலேயே போய்விடும். லெவாமிசோலில் பலனளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. எனவே அளவைக் கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும், கண்ணளவில் ஊற்றக் கூடாது. விளக்கும் வலையும் வைத்துப் பறவை பிடிப்பதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதால், உரிமம் தேவையா என்பதை முதல் இரவுக்கு முன்பே உரிய துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இதன் பெருமை துல்லியம். இந்தப் பறவைக்கு இவ்வளவு மருந்து, இன்ன நாளில் என்று சொல்ல முடியும். பாதி மருந்து என்ற பேச்சே இல்லை. லெவாமிசோல் வேறு வகை மருந்து என்பதால் கல்லில் ஃப்ளூபெண்டசோலைப் பலகாலம் வைத்த மூரில் மாற்றாகவும் உதவும். கையில் பிடித்த பறவையின் எடை, மார்பெலும்பு, கண், இமையில் உண்ணி எல்லாம் பார்த்துவிடலாம்.

குறை, ஆள் பலம். ஒரு குழு ஒரு நல்ல இரவில் சில பத்துப் பறவைகளைப் பிடிக்கலாம், கெட்ட இரவில் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்ற கணக்கை இங்கே கொண்டுவந்து பாருங்கள். வசந்தத்தில் 400 பறவை உள்ள சிறு மூரில் இலக்கு 80-க்குச் சற்று மேல். மூன்று நான்கு நல்ல இரவுகளில் முடியக்கூடிய வேலை. 6,000 பறவை உள்ள மூரில் அதே பங்கு 1,200-ஐத் தாண்டும். அங்கே இதைத் தனி வழியாக நம்ப முடியாது. மோசமான புழு எண்ணிக்கை வந்த ஒரு சரிவிலோ பள்ளத்திலோ மட்டும் செய்யலாம்.

நான்காம் வழி: அடர்த்தியைக் குறைப்பது

இதைச் சொன்னால் உரிமையாளர்களுக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். புழு என்பது அடர்த்தியின் நோய். ஜூலையில், பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துக் காட்டும் சுட்டுநாய்களோடு 100 ஹெக்டேர் கட்டங்களில் எண்ணும்போது ஒரு சதுர கிலோமீட்டரில் 300-க்கு மேல் பறவை வந்தால், அந்தக் கோடையின் எச்சமெல்லாம் அந்தத் தளிர்களின் மேலேயே விழுகிறது. மருந்து புழுவைக் குறைக்கும், பறவையைக் கூட்டும். கூடிய பறவை மறுபடி புழுவைக் கூட்டும். மருந்தால் மட்டும் தாங்கிப் பிடித்த அடர்த்தி, ஏதோ ஓர் ஆண்டில் மருந்து தவறினால் மொத்தமாகச் சரியும். பல்ஜி ஐ போன்ற மருந்தில்லாத நோய்க்கும் அதே கூட்டம்தான் தீனி.

வேட்டைக்காலத்தின் முதல் வாரங்களிலேயே புழு எண்ணி, எண் ஏறுமுகம் என்றால் அந்தக் கட்டங்களில் வேட்டையைக் கூட்டி, குறிப்பாக முதிர்ந்த பறவைகளைக் குறைப்பதே இந்த வழி. பழைய புழுப் பாக்கியைச் சுமப்பவை அவைதான். பிந்தினால் பயன் குறையும். கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் எச்சத்தோடு விழும் புழு முட்டையில்தான் அடுத்த வசந்தத்தின் உறங்கும் புழு இருக்கிறது. தீமை என்னவென்றால், அடுத்த ஆண்டு பொரிப்பு கெட்டுப்போனால் கையில் இருப்புப் பறவை குறைவாக இருக்கும். எனவே மார்ச் கணக்கெடுப்பில் எத்தனை ஜோடி மிஞ்ச வேண்டும் என்பதை முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

எந்த மூருக்கு எது

சிறிய மூர், நடுத்தர எண்ணிக்கை, இரவு வேலைக்கு இரண்டு தேர்ந்த ஆள்: பிடித்து ஊற்றுவதே எங்கள் முதல் தேர்வு. பெரிய மூர், முதிர்ந்தவற்றில் பல ஆயிரம் புழு, அருகில் பல்ஜி ஐ இல்லை: அந்தக் குளிர்காலத்துக்கு மருந்துக் கல், ஜூலையில் புரட்டு, அடுத்த ஆகஸ்டில் எண்ணு. எண் இறங்கியிருந்தால் அடுத்த ஆண்டு வெறுங்கல் மட்டுமே. பெரிய மூர், புழுவும் அதிகம், பல்ஜி ஐயும் உண்டு: முதலில் அடர்த்தியைக் குறைக்க வேண்டும், பிறகே கழுவிய, இடம் மாற்றிய பெட்டிகளில் கல். மூன்று ஆண்டாகக் கல் வைத்தும் எண் இறங்கவில்லை என்றால் இன்னும் கல் வைப்பது தீர்வல்ல. பறவை கல்லை எடுக்கவில்லையா, பூச்சு மழையில் போய்விட்டதா, மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா என்று மருத்துவரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

புழு இல்லாமலே குஞ்சு குறைந்தால்

முதிர்ந்த பறவை கொழுத்திருக்கிறது, புழு சில நூறு, ஆனால் ஜூலையில் குஞ்சு இல்லை. அப்போது சந்தேகிக்க வேண்டியது உண்ணி. இக்சோடிஸ் ரிசினஸ் என்ற உண்ணி, ஆட்டையும் கிரவுஸையும் தாக்கும் ‘லூப்பிங் இல்’ என்ற நோயின் வைரஸைக் கடத்துகிறது. ஆய்வகத்தில் தொற்று கொடுக்கப்பட்ட கிரவுஸில் ஐந்தில் நான்கு இறந்தன. பத்து நாள் குஞ்சைக் கையிலெடுத்து இமையோரத்தையும் அலகின் மூலையையும் பார்த்தால் கசகசா அளவில் பழுப்புப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அவை இளம் உண்ணிகள்.

இங்கே மருந்து பறவைக்கு அல்ல, ஆட்டுக்கு. செம்மறியின் முதுகந்தண்டு நெடுக பைரெத்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை மருந்தை ஊற்றி, அதை மேட்டில் மேய விட்டால் ஏறும் உண்ணி செத்து விழும். ஆடே உண்ணியைத் துடைத்தெடுக்கும் துடைப்பமாகிறது. மருந்துக்கேற்பச் சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை, மந்தையில் ஓராடும் தப்பாமல் ஊற்ற வேண்டும். உண்ணி முட்டையிலிருந்து முதிரப் பல ஆண்டுகள் ஆவதால் முதல் ஆண்டில் பலன் தேடக் கூடாது. மூன்றாண்டாவது விடாமல் செய்ய வேண்டும். ஊற்றிய உடனே ஆட்டை ஓடையில் இறக்கினால் நீர்ப்பூச்சிகள் சாகும். தடுப்பூசி போடாத ஓராண்டு ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தால் மூரில் வைரஸ் உண்டா என்பது தெரிந்துவிடும். ஆட்டுக்கான தடுப்பூசி கிடைப்பதில் அண்மை ஆண்டுகளில் தட்டுப்பாடு என்பதால், ஊற்றும் மருந்தே பெரும்பாரத்தைச் சுமக்கிறது.

இந்த வழி எல்லா மூரிலும் எடுபடாது. சிவப்பு மான் மிகுந்த ஸ்காட்டிய மேடுகளில் முதிர்ந்த உண்ணிக்கு ஆடு இல்லாவிட்டால் மான். ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகிவிடும். மான் எண்ணிக்கையைக் குறைக்காமல் அங்கே தொடங்க வேண்டாம். மலைமுயலும் வைரஸ் பரவ உதவும் என்று ஆய்வு உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தில் 2021 மார்ச் 1 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிர். உரிமம் இல்லாமல் கைவைக்க முடியாது. பெரணியை ஒடுக்கி, கிழடுதட்டிய ஹெதரைக் குறைப்பது எங்கும் செய்யக்கூடியது, ஏனென்றால் ஈரம் தங்கும் அடர்ந்த சருகு இல்லாமல் உண்ணி உலர்ந்து சாகும்.

எந்த வழியில் போனாலும் ஆகஸ்டின் முதல் வேட்டை நாளன்று வண்டியில் நாற்பது பைகளும், நீரில் அழியாத பேனாவும், ஒரு குளிர்பெட்டியும் இருக்கட்டும். இருபது பைகளில் முதிர்ந்தவை, இருபதில் குஞ்சுகள். ஒவ்வொன்றிலும் தேதி, கட்ட எண், நகத் தழும்பு உண்டா இல்லையா. மாலையில் பறவைகளைத் தொங்கவிடும் முன்பே குருட்டுக்குடல் எடுத்தாக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் குடல் அழுகி, புழு கரைந்து, எண் பொய்யாகிவிடும்.